எல்லாக் குழந்தைக்கும் ஒரே பாட்டு: உப்புச்சப்பில்லாமல் போகாமல் எழுத முடியுமா?

முதல்வரி | ஜூன் 3, காலை 7.12

என் வாதம் இது. எல்லாக் குழந்தைக்கும் ஏற்ற பாட்டு என்று உட்கார்ந்து எழுதினால் உப்புச்சப்பில்லாமல்தான் வரும். சக்கர நாற்காலிக் குழந்தைக்காக வேகம் போகிறது. சத்தம் தாங்காத குழந்தைக்காக மத்தளம் போகிறது. பேச்சு வராத குழந்தைக்காக வரிகள் போகின்றன. மிஞ்சுவதைக் கேட்டு ஆறு வயசுக்காரர்கள் கொட்டாவி விடுகிறார்கள், கூட வந்த பெரியவர்கள் போனை எடுக்கிறார்கள். மறுப்பவர்கள் தத்துவம் வேண்டாம், கணக்கோடு வரவும்.

தொப்பிப்பக்கம் | ஜூன் 3, காலை 9.05

கணக்கே தருகிறேன். பாட்டின் வேகம் வேறு, அசைவு மாறும் வேகம் வேறு. நிமிஷத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் நாலு தட்டுக்கு ஒருமுறை தலை, தோள், முழங்கால் என்று மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி. தசை இறுக்கம் உள்ள குழந்தைக்குக் கை கிளம்பவே அது போதாது. கை தலைக்குப் போய்ச் சேரும்போது பாட்டு முழங்காலில் நிற்கும்.

உடனே எல்லாரும் செய்வது வேகத்தை 60க்கு இறக்குவது. 4 விநாடி கிடைக்கிறது, பாட்டுக்கு உயிர் போகிறது. 120ஐத் தொடாதீர்கள். அசைவை 16 தட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். 8 விநாடி வந்துவிட்டது. சீக்கிரம் தொட்ட குழந்தைக்கு அதே இடத்தில் தாளம் போடும் வேலை: "தலையில தட்டு, தகதிமி தட்டு." மெதுவாக வரும் கை கடைசி இரண்டு தட்டுக்கு வந்து சேர்ந்தாலும் பாட்டுக்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று. சின்னக் குழந்தைகள் தாமாகத் தட்டும் தட்டு பெரியவர்களுடையதைவிட வேகமானது. மெதுவான பாட்டில் இரண்டு தட்டுக்கு நடுவே காத்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஆக, வேகத்தைக் குறைத்தால் யாருக்குமே சுலபம் ஆவதில்லை.

முதல்வரி | ஜூன் 3, காலை 9.31

வேகத்தில் ஒரு புள்ளி உங்களுக்கு. மத்தளம்?

மிக்ஸர்மேசை | ஜூன் 3, இரவு 10.48

மத்தளம் இருக்கட்டும். பெரும்பாலான குழந்தைகளைத் தூக்கிவாரிப் போடவைப்பது சத்தத்தின் அளவைவிட அது வெடிக்கிற விதம். எதிர்பாராத ஒற்றை அடி 80 டெசிபலில் விழுந்தாலும் காதைப் பொத்துவார்கள். அதே குழந்தை, தானே எண்ணி வரவழைத்த அடியை 85இல் கேட்டுச் சிரிக்கும். ஆகவே:

அடிக்கும் முன் குச்சி தலைக்கு மேலே போகட்டும், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று குழந்தைகள் எண்ணட்டும். முதல் சுற்று விரலால், இரண்டாவது உள்ளங்கையால், மூன்றாவதுதான் குச்சியால். திடீர் முழக்கத்தோடு பாட்டைத் தொடங்கும் பழக்கத்தை மேடைக் கச்சேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு பற்றி: உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தரநிலை, காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கானது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணிநேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணிநேரம் 75 டெசிபல் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 78க்கு 20 மணி, 81க்கு 10, 84க்கு 5. அறைக்கும் இதையே ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். போனில் இருக்கும் அளவுமானி துல்லியம் இல்லை. ஆனால் நேற்றைக்கு இன்று கூடவா குறைவா என்று சொல்லும், அது போதும்.

ஸ்பீக்கர் ஒன்றைப் பெரிதாக வைத்து அறை முழுக்க அனுப்பாதீர்கள். முன்வரிசைக் குழந்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறது, பின்வரிசைக்கு வரி புரிவதில்லை. சின்ன ஸ்பீக்கர் இரண்டை இரு பக்கமும் வைத்து இரண்டையும் தாழ்த்துங்கள். ஸ்பீக்கரிலிருந்து தொலைவில் ஒரு மூலையைக் காலியாக விட்டு அங்கே பாய், காதடைப்பான் இரண்டு மூன்று. அங்கே போன குழந்தையைத் திரும்ப அழைக்கக் கூடாது. தானாக வரும், அல்லது அங்கிருந்தே பாடும்.

தொப்பிப்பக்கம் | ஜூன் 3, இரவு 11.20

மேலே சொன்னதோடு: அறையில் உண்மையில் காதைக் குத்துவது மத்தளம் அல்ல, இருபது பேர் கையில் ஒரே நேரத்தில் கிலுகிலுப்பை. உலோகச் சலங்கைச் சத்தம் மேல் அலைவரிசையில் குவியும். காது கேட்கும் கருவி போட்ட குழந்தைக்கு அது பாடும் வரியையே மூடிவிடும். சலங்கை மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மீதிப் பேருக்கு மணல் போட்ட பாட்டில். பாட்டிலில் கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முக்கால் நிரப்பினால் மணலுக்கு ஓட இடமில்லாமல் சத்தமே எழும்பாது. மூடியைப் பசை போட்டு ஒட்டி அதன்மேல் நாடா. மூன்று வயசுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் கூழாங்கல், மணி எல்லாம் போடவே வேண்டாம். 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதுதான் பொம்மை செய்பவர்களின் கணக்கு.

அடுத்தபல்லவி | ஜூன் 4, காலை 6.55

முதல்வரி மூன்றாவதாகச் சொன்னதை யாரும் தொடவில்லை. பேச்சு வராத குழந்தை.

வரியைச் சுருக்குவதால் அந்தக் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை. அதற்குத் தேவை பாட்டில் ஒரு இடம்: தான் செய்தால்தான் பாட்டு நகரும் என்ற இடம். ஒற்றைப் பொத்தான் பேச்சுக் கருவி இருந்தால் அதில் "மறுபடி!" என்றோ பல்லவியின் கடைசிச் சொல்லையோ பதிவு செய்யுங்கள். பதிவில் கவனிக்க வேண்டியவை மூன்று. பாட்டின் அதே சுருதியில் பாடிப் பதிவு செய்ய வேண்டும். குரல் அந்தக் குழந்தையின் வயசை ஒட்டிய இன்னொரு குழந்தையின் குரலாக இருக்க வேண்டும், பெரியவர் குரல் எடுபடாது. பதிவின் தொடக்கத்தில் மௌனம் இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தி அரை விநாடி கழித்துக் குரல் வந்தால், தான்தான் அதைச் செய்தோம் என்பதே குழந்தைக்குப் புரியாது.

இனிமேல்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். பாடகர் நிறுத்துகிறார். இரண்டு விநாடி ஆகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் பொறுமையில்லாமல் குழந்தையின் கையைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்திவிடுகிறார். அல்லது "அழுத்து கண்ணா, அழுத்து" என்று மறுபடி சொல்கிறார். திரும்பச் சொல்லும் ஒவ்வொரு முறையும் குழந்தை முதலிலிருந்து கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொன்னது ஒருமுறை, பிறகு வாயை மூடிக்கொண்டு தாளத்தை மட்டும் ஓட்டுங்கள். நாலு தட்டுச் சுழற்சி, பின்னணியில் ஸ, ப இரண்டும் தொடர்ந்து ஒலிக்கும் சுருதி, அவ்வளவு. எட்டுச் சுழற்சி போனாலும் போகட்டும். 120 வேகத்தில் அது 16 விநாடிதான்.

முதல்வரி | ஜூன் 4, காலை 8.20

16 விநாடி வெறும் சுழற்சியா? மற்ற குழந்தைகள் கூரையில் ஏறிவிடுவார்கள்.

தொப்பிப்பக்கம் | ஜூன் 4, மதியம் 1.15

வெறும் சுழற்சியாக விட்டால் ஏறுவார்கள். அந்த இடத்தில் எதிர்பார்ப்பை ஏற்றுங்கள். முதல் சுழற்சி தொடையில் விரல் தட்டு, அடுத்தது இரு கை, மூன்றாவதில் "த கி ட த கி ட" சொற்கட்டு கிசுகிசுப்பாக, அப்புறம் கொஞ்சம் சத்தமாக. மெட்டை நிஷாதத்தில் (நி) தொங்கவிடுங்கள், ஷட்ஜத்தில் (ஸ) கொண்டுபோய் முடிக்காதீர்கள். எல்லாக் கண்ணும் பொத்தான் பக்கம் திரும்பியிருக்கும்போது "மறுபடி!" என்று வந்து விழுந்தால் அறை அதிரும். உங்கள் ஆறு வயசுக்காரர்கள் கொட்டாவி விடாத இடம் இதுதான். ஒரு குழந்தைக்காகக் காத்திருந்த நேரம் பாட்டின் உச்சமாகிவிடுகிறது. எளிதாக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் செய்ய வேண்டியது பாட்டுக்குள் வரும் வாசல்களை அதிகமாக்குவது: குரலால் ஒன்று, கையால் ஒன்று, பொத்தானால் ஒன்று, சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்று.

மிக்ஸர்மேசை | ஜூன் 4, இரவு 9.40

நேரில் சரி. பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

அதற்கு ஒரு வழி: பாட்டை ஒரே கோப்பாகத் தராமல் மூன்றாகத் தாருங்கள். சரணம், காத்திருப்புச் சுழற்சி, பதில். பட்டன் வைத்த எந்தச் செயலியிலும் மூன்றையும் ஏற்றிச் சுழற்சியை ஓடவிட்டு, பதில் வந்ததும் அடுத்ததைத் தட்டலாம். வேவ் கோப்பாகத் தாருங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேரும். சுழற்சியில் அது ஒவ்வொரு முறையும் விக்கல் மாதிரி கேட்கும்.

கலவையில் குரல் முன்னால். சோதிக்க ஒரே வழி: போன் ஸ்பீக்கரில், சத்தத்தைக் கால்வாசிக்கு இறக்கி, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தால் சரி. விழாவிட்டால் முதலில் கீபோர்டை இறக்குங்கள், குரலை ஏற்றாதீர்கள். எதிரொலிப் பூச்சையும் குறையுங்கள். மெய்யெழுத்துகளை அதுதான் தின்கிறது.

காணொளியும் எடுப்பதாக இருந்தால்: பாடுபவரின் முகத்தில் முன்னாலிருந்து வெளிச்சம், வாயை மறைக்காத மைக், கீழே வரிகள். சைகை மொழிபெயர்ப்பாளரை மூலைச் சதுரத்தில் அடைக்காமல் பாடகருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மின்னும் விளக்கு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டவே வேண்டாம், வலிப்பு வரக்கூடியவர்கள் இருப்பார்கள்.

குழாய்வெட்டி | ஜூன் 5, காலை 5.58

கருவி பக்கம் வருகிறேன். தவறாக அடிக்கவே முடியாத கருவிதான் முதல் தேவை. மோகன ராகத்தின் ஐந்து சுரம்: ஸ ரி க ப த. எந்த இரண்டு சுரத்துக்கும் நடுவே அரைச்சுர இடைவெளி இல்லை. எதை எதோடு அடித்தாலும் உரசாது. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் வழியில் வந்த மரப்பலகை இசைக்கருவிகளில் கட்டையைக் கழற்றி எடுக்கும் வசதி இருப்பது இதற்காகவும்தான். வேண்டாத சுரத்தை எடுத்துவிட்டால் பிழைக்கு இடமில்லை.

பிவிசி குழாயில் செய்ய, உள்விட்டம் 40 மி.மீ., இரு முனையும் திறந்தது. 1 கட்டை (கீபோர்டின் நடு C) ஷட்ஜத்துக்கு, செ.மீ. கணக்கில்:

ஸ 63.1
ரி 56.0
க 49.6
ப 41.3
த 36.5
மேல் ஸ 30.3

கணக்கு இப்படி வருகிறது: ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதைச் சுரத்தின் அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் காற்றுத் தூணின் நீளம். அதிலிருந்து விட்டத்தில் 0.61 பங்கு, அதாவது 2.4 செ.மீ. கழிக்க வேண்டும். காற்று குழாயின் வாயைத் தாண்டியும் கொஞ்சம் அதிர்வதால் இந்தக் கழிவு. எல்லாவற்றையும் 1 செ.மீ. கூடுதலாக அறுத்து, போன் சுருதிமானியில் பார்த்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். குறைந்தால் ஒட்ட முடியாது. முனையை மழமழவென்று தேய்க்காமல் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

அடிப்பது பக்கவாட்டில், தொடையிலோ உள்ளங்கையிலோ. ஒரு வாயை உள்ளங்கையால் மூடி அடித்தால் சுரம் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை உள்ள தூரம்) இறங்கிவிடும்.

நிறநாடா ஒட்டுவது எல்லாரும் செய்வது. அதோடு நிறுத்தாமல் கெட்டி நூலையும் சுற்றுங்கள்: ஸ ஒரு சுற்று, ரி இரண்டு, க மூன்று. பார்வையில்லாத குழந்தைக்கும், சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் குழந்தைக்கும் விரல் சொல்லிவிடும்.

அடுத்தபல்லவி | ஜூன் 5, காலை 10.10

பிடிக்க முடியாத கைக்கு?

குழாய்வெட்டி | ஜூன் 5, காலை 10.34

குழாயைப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டு, குச்சியால் அடிக்கலாம். குச்சியின் பிடியில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரை உறை ஏற்றினால் தடிமன் கூடும். அதுவும் பிடிக்காத கைக்கு வெல்க்ரோ பட்டை, உள்ளங்கையைச் சுற்றி. இறுக்கிக் கட்டக் கூடாது, குழந்தை உதறினால் கழன்றுவர வேண்டும். கருவியின் கோணம்தான் பலர் மறப்பது: மேசையில் படுக்க வைத்த மத்தளம் கைக்கு எட்டாது. குழந்தையின் கை இயல்பாகப் போகும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்து, அந்தப் பாதையில் கருவியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

தொப்பிப்பக்கம் | ஜூன் 5, மாலை 6.02

குழாய் அளவில் ஒரு திருத்தம். 343 என்பது 20 டிகிரிக் காற்றுக்கு. 30 டிகிரி அறையில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 349. சுரம் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறிவிடும். குழாய்கள் எல்லாம் ஒன்றாக ஏறுவதால் அவற்றுக்குள் சண்டை வராது. கீபோர்டோடு சேர்த்தால்தான் வரும். கீபோர்டில் நுண்சுருதிப் பொத்தான் இருந்தால் அதைக் குழாய்க்கு ஏற்றுங்கள், வெயிலோடு வழக்காடாதீர்கள்.

மோகனம் மட்டுமே என்றால் மூன்றாவது பாட்டில் அலுத்துவிடும் என்று முதல்வரி சொல்வதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: அலுக்காது. அதே ஐந்து குழாய், சுருதியை மட்டும் மாற்றுங்கள். ரிஷபக் (ரி) குழாயைச் சுருதியாக்கினால், அதாவது அதையே ஸ என்று வைத்துக்கொண்டால், மத்யமாவதி ராகம். காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். பஞ்சமத்துக்குப் போனால் சுத்த சாவேரி. தைவதத்துக்குச் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று பெரிய பேர், வேலை சின்னது. ஒரே ஒரு பெரியவர் கீழ்க்குழாயை மாற்றி அடித்தால் அறையின் முகமே மாறும். குழந்தைகள் கையில் எதுவும் மாறவில்லை, பிழையும் வராது. இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, துணைக்கு மத்யமத்தை அடியுங்கள், அதாவது பழைய தைவதக் குழாய்.

பாடுகிறவருக்கு இந்த ஐந்து சுரக் கட்டுப்பாடு வேண்டாம். மெட்டில் மத்யமமும் நிஷாதமும் தாராளமாக வரட்டும், தட்டு விழாத இடத்தில்.

முதல்வரி | ஜூன் 5, இரவு 8.45

தொங்கவிடும் நிஷாதம் எந்தத் தட்டில் என்று நேற்று நீங்கள் சொல்லவே இல்லை.

தொப்பிப்பக்கம் | ஜூன் 5, இரவு 9.00

பிடித்துவிட்டீர்கள். காத்திருப்பில் குழாய்கள் ஓய வேண்டும், தொடைத் தட்டு மட்டும். அப்போது நிஷாதம் எந்தத் தட்டிலும் தொங்கலாம். குழாய்களை நிறுத்த மனசில்லை என்றால் ரிஷபத்தில் தொங்கவிடுங்கள். அதுவும் ஷட்ஜத்துக்கு ஏங்கும், ஐந்துக்குள்ளும் இருக்கிறது.

அடுத்தபல்லவி | ஜூன் 6, காலை 7.30

பாடும் உயரம். மூன்றிலிருந்து ஆறு வயசுவரை சௌகரியமான இடம், நடு ஸ்தாயியில் 2 கட்டை (D) சுரத்திலிருந்து 6 கட்டை (A) சுரம்வரை. அதாவது ஸ முதல் ப வரைக்குள் சுற்றும் மெட்டுக்கு 2 கட்டை சுருதி. சினிமாப் பாட்டின் சுருதியை அப்படியே எடுப்பது பெரியவர்களுக்குத்தான் சௌகரியம். குழந்தைக்கு அது கீழே கிடக்கும், பாடாமல் பேசும் அல்லது உறுமும்.

ஆண் குரல் வழிநடத்தினால் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். சின்னக் குழந்தைகளில் பலருக்கு அதை மேலே மாற்றிப் பிடிக்க வராது. பொய்க்குரலில் ஒருமுறை பாடிக்காட்டலாம், குழாயில் மெட்டை அடித்துக்காட்டலாம். எல்லாவற்றையும்விட நல்லது, பெரிய குழந்தை ஒன்றை முதல் வரி பாடவிடுவது.

முதல்வரி | ஜூன் 6, இரவு 11.15

சரி, கையில் பாட்டோடு வருகிறேன். கிழியுங்கள்.

எழுந்து நில்லு, குதி குதி
கையைத் தட்டு இப்படி
அம்மாகிட்ட ஓடிப் போ
வந்தான் பாரு நம்ம (பெயர்)

அடுத்தபல்லவி | ஜூன் 7, காலை 6.20

நாலு வரியில் ஐந்து கதவை மூடியிருக்கிறீர்கள், சாதனைதான்.

"எழுந்து நில்லு": "உசரம் உசரம் ஆகலாம்" என்று மாற்றுங்கள். ஒருவர் எழுவார், ஒருவர் கையைத் தூக்குவார், ஒருவர் புருவத்தை. எல்லாமே உசரம்தான்.

"இப்படி": பார்வையில்லாத குழந்தைக்கு அது வெற்றுச் சொல். அசைவைச் சொல்லிலேயே வையுங்கள்: "மடியில தட்டு டப டப." மடி என்றதால் ஒரு கை மட்டும் அசையும் குழந்தைக்கும் ஆயிற்று. கற்றுக்கொடுக்கக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையைக் கீழே வைத்து, குழந்தையின் கை அதன்மேல் இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும்.

"அம்மாகிட்ட ஓடிப் போ": பாட்டியோடு வந்த குழந்தை, சித்தப்பாவோடு வந்த குழந்தை, விடுதிக் காப்பாளரோடு வந்த குழந்தை? ஓட முடியாத குழந்தை? "கூட வந்தவங்க காதுல சொல்லு" என்று வையுங்கள். பெரியவர்களுக்கும் அங்கே வேலை வந்துவிடும், போன் உள்ளே போய்விடும்.

"வந்தான்": "வந்தாச்சு" என்றால் ஆண், பெண், ஒருமை, பன்மை எல்லாம் அடக்கம். இரட்டையர் வந்தாலும் தாங்கும்.

தொப்பிப்பக்கம் | ஜூன் 7, காலை 9.50

மேலே சொன்னதற்கு மெட்டுக் கணக்கு. எட்டு எண்ணிக்கை ஒரு வரி.

யாரு வந்தா? யாரு வந்தா? (8)
(பெயர்) 4, வந்தாச்சு 4
உசரம் உசரம் ஆகலாம் (8)
மடியில தட்டு டப டப (8, இரண்டு முறை)

பெயர் வரும் நாலு தட்டில்தான் கவனம். குறிலில் நீண்ட சுரத்தை வைத்தால் பெயரே மாறும்: ரவி ராவி ஆவார். கூப்பிடும்போது நாம் இயல்பாகக் கடைசி எழுத்தைத்தானே நீட்டுகிறோம், "ரவீ..." என்று? மெட்டிலும் அப்படியே: முதல் எழுத்துகள் குறுக்கி, கடைசியில் நீட்டம். ஆறு எழுத்துப் பெயரைச் செல்லப்பெயராக வெட்டாதீர்கள், நாலு தட்டில் எத்தனை எழுத்தும் ஓடும். வாயில் நுழையாத பெயரென்றால் தொடங்கும் முன் கூட வந்தவரிடம் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். மற்ற வரிகளிலும் இதே விதி. "படு" என்பதை நீட்டினால் "பாடு" ஆகி, படுத்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் கத்த ஆரம்பிப்பார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒளியும் குழந்தை ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குப் பெயர் வரியைத் தள்ளிவிடாமல், குழந்தை கையில் வைத்திருக்கும் பொம்மையின் பெயரைப் பாடுங்கள்.

மிக்ஸர்மேசை | ஜூன் 7, மாலை 5.25

காது கேளாத குழந்தைகள் பற்றி ஒரு வரியும் இல்லையே. பலூன் கொடுங்கள். ஊதிய பலூனை விரல் நுனிகளால் பிடித்தால் கீழ்ச்சுரங்களின் அதிர்வு கைக்கு வரும்.

அடுத்தபல்லவி | ஜூன் 7, மாலை 5.41

பலூன் வேண்டாம். ரப்பர் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருப்பார்கள். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களிடம் அது குறிப்பாக அதிகம். கிழிந்த துண்டு தொண்டையில் அடைக்கும். அது வெடிக்கும் என்ற பயத்திலேயே சத்தம் தாங்காத குழந்தை அறைக்குள் வராது.

மிக்ஸர்மேசை | ஜூன் 7, மாலை 6.30

ஒத்துக்கொள்கிறேன். பதிலுக்கு: காலியான பெரிய பிளாஸ்டிக் தண்ணீர் கேன், மடியில் அணைத்துக்கொள்ள. அல்லது மெல்லிய பிளைவுட் பலகை, ஓரங்களில் மட்டும் சட்டம் அடித்து உள்ளே வெற்றிடம் விட்டது. அதன்மேல் உட்காரலாம், படுக்கலாம், பக்கத்தில் ஒருவர் அதையே கையால் அடிக்கலாம். தரையில் ஊன்றிய மத்தளமும் நல்லது. கீழே கம்பளம் விரித்தால் எல்லா அதிர்வையும் அது விழுங்கிவிடும்.

தோல் உணர்வது தாழ்ந்த ஒலியைத்தான், 250 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மை அதிகம். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் (தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம்) எட்டும், வலந்தலையின் (வலப்பக்கத்தின்) மேல்ஒலி எட்டாது. கேட்புத்திறன் இழந்த தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி மேடையில் வெறுங்காலோடு வாசிப்பதும் இதற்காகத்தான்.

உட்செவிக் கருவி (காக்ளியர் இம்ப்ளாண்ட்) பொருத்திய குழந்தைக்குத் தாளம் தெளிவாகப் போகும், சுருதி அவ்வளவாகப் போகாது. அந்தக் குழந்தையிடம் சுருதி சேரவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு குரல், ஒரு தாளம் என்று முதல் சுற்றைப் பாடிவிட்டு, மற்ற கருவிகளை இரண்டாம் சுற்றில் சேருங்கள்.

முதல்வரி | ஜூன் 8, காலை 7.05

வாதத்தை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பாட்டை மாற்றிவிட்டேன். கருவிகளை எப்போது கொடுப்பது?

தொப்பிப்பக்கம் | ஜூன் 8, காலை 7.50

சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு. கையில் குழாய் வந்துவிட்டால் உங்கள் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை, அது நியாயமும்கூட. கொடுத்ததும் ஒரு நிமிஷம் கன்னாபின்னாவென்று அடிக்கவிடுங்கள். "நிறுத்து" என்று கத்துவதற்குப் பதில் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினால் ஓய்வு, இறக்கினால் ஓட்டம். அந்தக் குச்சியைக் குழந்தைகள் கையில் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அறையை நிறுத்தும் அதிகாரம் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது!

திரும்ப வாங்குவதற்கும் ஒரு மெட்டு வேண்டும். கைகளிலிருந்து பிடுங்காமல் பெட்டி வட்டத்தைச் சுற்றி வரட்டும், போடும் சத்தமும் தாளத்தில் விழட்டும். தராத குழந்தைக்கு அடுத்த சுற்றுவரை விட்டுவிடுங்கள்.

குழாய்வெட்டி | ஜூன் 8, இரவு 9.30

தாழ்ந்த ஒலி பற்றி மிக்ஸர்மேசை சொன்னதால் ஒரு சேர்க்கை. கீழ் ஸ்தாயிக் குழாய் வேண்டுமென்றால் இருமடங்கு நீளம் வெட்ட வேண்டியதில்லை, ஒரு முனைக்கு மூடி போட்டால் போதும். ஆனால் நான் மேலே கொடுத்த நீளத்திலேயே மூடி போட்டால் சரியாக ஒரு ஸ்தாயி இறங்காது, கொஞ்சம் ஏறியே நிற்கும். வாய் ஒன்றுதான் திறந்திருப்பதால் 2.4க்குப் பதில் 1.2 மட்டுமே கழிக்க வேண்டும். ஆகவே மூடி போடும் குழாய் எல்லாவற்றையும் 1.2 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள்: கீழ் ஸ 64.3, கீழ் ப 42.5, கீழ் த 37.7. மூடி தளர்வாக இருந்தால் சுரம் வராது, வெறும் தொப் என்று கேட்கும்.